ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத பெல்ட்டு

பெல்ட்டு புதுசுங்க. டைமிங் பெல்ட்டு. மாட்டி நாலு மாசமாச்சு, இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட ஓடல. ஓடறது என்னங்க, அதுக்கப்பறம் இஞ்சினே ஸ்டார்ட் ஆகல. போன்ல நீங்க கேட்டப்ப "வண்டி நல்ல கண்டிசன்"னு மட்டும் சொல்லிட்டேன். அது தப்புத்தான். உக்காருங்க தம்பி, அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காருங்க. சூலூர்ல இருந்து இந்த வெய்யல்ல வந்திருக்கறீங்க. தெய்வானை, வந்தவிங்களுக்கு மோரு கொண்டா.

தார்ப்பாயத் தூக்கிப் பாத்திருப்பீங்க. முன்னால வலது பக்கம் சக்கரம் இல்ல, ஸ்டாண்டு மேல நிக்குது. திருடு போகலீங்க, அதா, செவுத்தோரமாச் சாச்சு வெச்சிருக்கு. நட்டு, போல்ட்டு, கவரு எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல இருக்குது, ஒண்ணு கொறையாது. யாராச்சும் மெக்கானிக்கக் கூட்டியாந்து மீதி வேலைய முடிச்சா ஒரு மணி நேரத்துல ஓடும். அப்பறம் அத நீங்களே ஏன் முடிக்கலைன்னு கேக்கறீங்க. நாயமான கேள்விங்க. உங்களுக்கு முன்னால நாலஞ்சு பேரு வந்து பாத்தாங்க. எல்லாரும் சீட்டத் தட்டிப் பாத்தாங்க, டயரத் தட்டிப் பாத்தாங்க, இத ஒருத்தரும் கேக்கல.

சொல்றனுங்க. நான் எதையும் மறைக்கறவன் இல்ல.

நான் முப்பத்தோரு வருசம் மில்லுல இருந்தவன். ஸ்பின்னிங் மாஸ்டர். எங்கிட்ட எந்த மிசினும் வாலாட்டாது. பெல்ட்டுன்னா என்னன்னு எனக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா காரு இஞ்சின் பெல்ட்டு வேற சமாச்சாரம். கீழ பிஸ்டன் ஏறி எறங்குது, மேல வால்வு தொறந்து மூடுது. ரெண்டுக்கும் எடம் ஒண்ணுதான். ஒண்ணு வந்தா ஒண்ணு ஒதுங்கோணும். ஒதுங்கறதுக்கு நேரம் சொல்றது இந்தப் பல்லு வெச்ச ரப்பர் பெல்ட்டு. ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டாக்கூட ஒண்ணோடொண்ணு மோதி இஞ்சின் போச்சு. அதனாலதான் பெல்ட்ட மாட்டுன ஒடனே சாவி போடக்கூடாது. மொதல்ல கையால ரெண்டு சுத்துச் சுத்திப் பாக்கோணும். எங்கயும் முட்டாமச் சுத்துச்சுன்னா அப்பறந்தான் சாவி. இது எனக்குத் தெரியுமுங்க. அன்னிக்கும் தெரியும்.

எங்களுக்கு ஒரே புள்ள. வினோதினி. பேங்குல வேல. மூணு வருசத்துக்கு முன்னால பதிவு ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிட்டா. பையன் மெக்கானிக்கு. பல்லடத்துல சொந்தமா ஒர்க்‌ஷாப் வெச்சிருந்தான். இவ ஸ்கூட்டிய ரிப்பேருக்கு உட்ட எடத்துல பழக்கம். பையனக் கொற சொல்ல முடியாது, குடி கெடையாது, பீடி சிகரெட் கெடையாது, வேலைல சுத்தம். நம்ம ஆளுக இல்ல, அவ்வளவுதான். எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, மில்லுல எல்லாத்தோடயும் ஒண்ணாத்தான் வேல செஞ்சேன். ஆனா ஒறம்பரைக இருக்காங்க, பங்காளிக இருக்காங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நாலு பேரு நம்ம வாசப்படி ஏறோணுமல்லங்க? உலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா?

நான் அவளத் திட்டல, அடிக்கல. பேசல, அவ்வளவுதான். கதவ நான் சாத்தலீங்க, தொறந்துதான் கெடந்துச்சு. அவதான் வரல. "கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் வாசல்ல வந்து நின்னாளே, அப்பப் பேப்பர எடுத்து மூஞ்சிய மறைச்சுட்டது யாரு"ன்னு எம்பொண்டாட்டி தெய்வானை கேப்பா. பேப்பர் படிக்கற நேரத்துல வந்தா பேப்பரத்தானுங்க படிக்க முடியும். அவ கா மணி நேரம் நின்னுட்டுப் போயிட்டா. நானும் அந்தக் கா மணி நேரமும் ஒரே வரியத்தான் படிச்சுட்டிருந்தேன். அது யாருக்குத் தெரியும்?

பேசாம இருக்கறதுங்கறது எங்க குடும்பத்துல ஒரு வியாதிங்க. எங்கப்பாவும் எங்க பெரியப்பாவும் ஒரு கெணத்துத் தண்ணி விவகாரத்துல பதினோரு வருசம் பேசிக்கல. ஒரே களத்துல பக்கத்துப் பக்கத்துல நிப்பாங்க. "நாளைக்கு மோட்டார் எனக்கு வேணும்"னு எங்கப்பா செவுத்தப் பாத்துச் சொல்லுவாரு. "எடுத்துக்கட்டும், யாரு வேண்டாம்னது"ன்னு பெரியப்பா மாட்டப் பாத்துச் சொல்லுவாரு. காரியம் நடந்துரும். பேச்சு மட்டும் கெடையாது. அப்பிடி வளந்தவன் நான். எனக்கு அதொண்ணும் பெரிய தப்பாத் தெரியல.

இந்த மூணு வருசமும் தெய்வானை மொட்டமாடிக்குத் துணி காயப்போடப் போனா முக்கா மணி நேரம் ஆகும். ஈரத்துணி ரெண்டுதான் இருக்கும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருந்தா. நான் மாடிப்படிக்குக் கீழ நின்னு கேட்டுட்டிருப்பேன். எம்புள்ள கொரலு கேக்காது, இவ பேசறது மட்டுந்தான் கேக்கும். "சாப்ட்டியா அம்மிணி"ம்பா. அடுத்து இவ என்ன கேக்கறாளோ அத வெச்சு, அன்னிக்கு எம்புள்ள சாப்ட்டாளா இல்லையான்னு நான் தெரிஞ்சுக்குவேன். "காய்ச்ச உட்டுருச்சா"ன்னு ஒரு நா கேட்டா. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. இவகிட்டயும் கேக்க முடியாது, அவகிட்டயும் கேக்க முடியாது. வீம்பு புடிச்சவன் பொழப்பு அப்பிடித்தானுங்க.

போன மாசி மாசம் ஒரு நா இவ மாடில இருந்து எறங்கி வந்து, "காருக்கு டைமிங் பெல்ட்டு மாத்தி எத்தன வருசமாச்சு"ன்னு கேட்டா. நான் திடுக்குனு பாத்தேன். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல இவ கார்ல வைப்பர் எங்கிருக்குதுன்னுகூடக் கேட்டதில்ல.

"யாரு கேக்கச் சொன்னது?"ன்னேன்.

"யாரோ கேட்டாங்க. பதிலச் சொல்லுங்க."

அந்தப் பையன்தான் கேட்டிருக்கான். நாங்க மாசாமாசம் கிருத்திகைக்குப் பழனிக்குப் போறது அவனுக்குத் தெரியும். பெல்ட்டு பழசாச்சுன்னா ஓடிட்டிருக்கறப்பவே அந்துரும், வயசானவிங்க நடுரோட்டுல நிக்கக்கூடாது, நானே மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கான். அவன் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனா எல்லா வசதியும் இருக்குது, ரெண்டு மணி நேரத்து வேல. நான் அங்க போவனுங்களா? போக மாட்டேன். அப்ப அவன்தான் இங்க வரோணும். இவ மூணு நாளு எங்கூடப் பேசல. சோத்தப் போட்டுட்டு, "சோறு போட்டாச்சு"ன்னு ஃப்ரிட்ஜப் பாத்துச் சொல்றா. எங்க வியாதி அவளுக்கும் ஒட்டிருச்சு.

சரின்னுட்டேன். வரட்டும். ஆனா மருமகனா வரக்கூடாது, மெக்கானிக்கா வரட்டும். வேலைக்கு வர்றவிங்க எப்பிடி வருவாங்களோ அப்பிடி வந்து, வேலைய முடிச்சுட்டுப் போகட்டும். பெரிய மனசு பண்ணித்தானுங்க சொன்னேன். இவ அத அப்பிடியே போன்ல சொல்லிட்டா. கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாம். அதுக்கு அந்தப் பையன், "சரிங்க அத்தை, நமக்கு வேல முக்கியம்"னானாம்.

ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு வந்தாங்க. அன்னிக்கு நான் அஞ்சு மணிக்கே எந்திரிச்சு, போர்ட்டிகோவக் கழுவி உட்டு, சவரம் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். பைக்கு முன்னால டூல்ஸ் பை, பின்னால எம்புள்ள. மூணு வருசத்துக்கப்பறம் எங்க கேட்டுக்குள்ள வர்றா. எளச்சுப் போயிருந்தா. "அப்பா"ன்னா. "ம்"ன்னேன். உள்ள போயி மூஞ்சி கழுவீட்டு வந்தேன்.

பையனுக்குப் பேப்பர் கப்புல காப்பி. அது ஒரு பேச்சாயிருச்சுங்க. வேலைக்கு வர்றவிங்களுக்குன்னு ஒரு கட்டு வாங்கி வெச்சிருந்தேன், அழுக்குக் கையோட டம்ளரப் புடிக்க வேண்டாமேன்னு. சுத்தந்தானே அது? வினு பாத்தா. உள்ள போயி அவளுக்கும் ஒரு பேப்பர் கப்பு எடுத்துட்டு வந்து, அவம்பக்கத்துல நின்னு அதுலயே குடிச்சா. அவளுக்கு எதுக்குங்க பேப்பர் கப்பு? சின்னதுல இருந்து அவ குடிக்கற எவர்சில்வர் டம்ளரு, அவ பேரு வெட்டுனது, இன்னும் அலமாரியிலதான் இருக்குது. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.

வேல ஆரம்பிச்சுது. ஜாக்கி போட்டான், ஸ்டாண்டு வெச்சான், சக்கரத்தக் கழட்டுனான். நான் இந்தச் சேர்லதான் உக்காந்திருந்தேன். எப்பிடிங்க அவங்கூடப் பேசறது? வெறும் மெக்கானிக்கா இருந்தா "ஏப்பா"ன்னு கூப்புடலாம். மருமகன்னா "வாங்க மாப்ள"ங்கலாம். இவன் ரெண்டும் இல்ல. என்னன்னு கூப்புடறதுன்னே வாயில வரல. அதனால நான் வினுகிட்டச் சொல்லுவேன், அவ அவங்கிட்டச் சொல்லுவா.

"அம்மிணி, பேட்டரி டெர்மினலக் கழட்டியாச்சான்னு கேளு."

அவன் ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருக்கான். அவ திரும்பி, "பேட்டரி டெர்மினல் கழட்டியாச்சான்னு கேக்கறாங்க"ம்பா.

"மொதல்லயே கழட்டியாச்சுன்னு சொல்லு."

"மொதல்லயே கழட்டியாச்சாம்ப்பா."

பழைய பெல்ட்ட எடுக்கறதுக்கு முன்னால வினுவோட நகப்பாலீஸ வாங்கி, மேல பல்சக்கரத்துல ஒரு பொட்டு, கீழ பல்சக்கரத்துல ஒரு பொட்டு, அதுக்கு நேரா பெல்ட்டுலயும் ரெண்டு பொட்டு வெச்சான். பல்ல எண்ணிப் புது பெல்ட்டுலயும் அதே எடத்துல வெச்சான், மார்க்கு தப்பக்கூடாதுன்னு. அந்தக் கையப் பாக்கோணுமுங்க நீங்க. மில்லுல எத்தனையோ ஃபிட்டரப் பாத்தவன் நான். கண்ணுக்குத் தெரியாத சந்துக்குள்ள கைய உட்டு, தடவிப் பாத்தே நட்ட மாட்டுவான், மூணே வெரல்ல. நான் அந்த வெரலுகளையே பாத்துட்டிருந்தேன். எடுத்த பெல்ட்டத் திருப்பிப் புடிச்சு வினுகிட்டக் காட்டுனான், எனக்குத் தெரியற மாதிரி. உள்பக்கம் பூரா வெடிப்பு. அடுத்த கிருத்திகை வரைக்கும் தாங்கியிருக்காது. நானும் தெய்வானையும் பழனி ரோட்டுல நின்னிருப்போம். அந்தப் பையன் அதச் சொல்லிக் காட்டல. ஓரமாப் போட்டுட்டு வேலையப் பாத்தான்.

மத்தியானம் இவ வடை பாயசத்தோட சமைச்சிருந்தா. மெக்கானிக்குக்கு எதுக்குப் பாயசம்னு நான் கேக்கல. அவன் கை அழுக்கா இருக்குதுன்னு போர்ட்டிகோவுலயே உக்காந்து சாப்ட்டான். அவனேதான் சொன்னான், நான் சொல்லல.

சாப்பாட்டுக்கப்பறம் எங்க பேச்சு சூடு புடிச்சுருச்சு. பெல்ட்ட விறைப்பா நிறுத்தற டென்சனர எந்தப் பக்கம் தள்ளி இறுக்கறதுன்னு எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். வினு நடுவுல நின்னுட்டு, இந்தப் பக்கம் ஒரு வார்த்த, அந்தப் பக்கம் ஒரு வார்த்த.

"தளர்ச்சியா இருந்தாப் பல்லு தாண்டும்னு சொல்லு."

"பெல்ட்ட முறுக்கிப் பாத்தா கால் சுத்துக்கு மேல திரும்பக் கூடாது, இது சரியா இருக்குதுன்னு சொல்லு."

"மில்லுல நாங்க அப்பிடி வெக்க மாட்டோம்னு சொல்லு."

"இது மில்லு இல்லைன்னு சொல்லு."

அவ சட்டுன்னு ரெண்டு கையவும் தூக்கி, "நான் என்ன டெலிபோன் கம்பியா?"ன்னு சிரிச்சுட்டா. உக்காந்துட்டா சிரிச்சு. அந்தப் பையன் குனிஞ்சுட்டே சிரிச்சான், தோளு குலுங்கறது தெரிஞ்சுது. எங்கூட்டுல மூணு வருசத்துக்கப்பறம் சிரிப்புச் சத்தமுங்க. உள்ள இருந்து தெய்வானை கரண்டியோட ஓடி வந்து பாத்தா. எனக்கும் வந்துருச்சு, அப்பிடித் திரும்பி நின்னு சிரிச்சேன். இன்னும் அரை மணி நேரம் அப்பிடியே போயிருந்தா நானே அவங்கிட்டப் பேசியிருப்பனுங்க. சாமி சத்தியமா பேசியிருப்பேன்.

நாலு மணியாச்சு. புது பெல்ட்டு ஏறிருச்சு, பொட்டுக்கு நேராப் பொட்டு வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவோம்னு எனக்கு அவசரம். வினு உள்ள போயிட்டா, அம்மாகூடச் சேந்து பணியாரம் ஊத்த. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஆளில்ல. அவன் கீழ, சக்கரத்துப் பக்கம் தரையோட தரையா உக்காந்து என்னமோ பண்ணிட்டிருந்தான். நான் அந்தப் பக்கமாப் போயி டெர்மினல மாட்டுனேன். கதவத் தொறந்து உக்காந்தேன். நியூட்ரல்ல இருக்குதான்னு பாத்தேன். எதுத்தூட்டு நாச்சிமுத்து, நமக்குப் பங்காளி மொற, கேட்டுக்கு வெளிய நின்னு வேடிக்க பாத்துட்டிருந்தாரு. அவன் கீழ இருந்து என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சு. எனக்குக் காதுல உளுகல. சாவியத் திருப்பிட்டேன்.

அவன் கையால சுத்திப் பாக்கறதுக்கு, கீழ பல்சக்கரத்து போல்ட்டுல நீளக் கம்பி போட்ட ஸ்பேனர மாட்டியிருந்தானுங்க. மொதச் சுத்துல பாதிதான் வந்திருக்கான். இஞ்சின் சுத்துனதும் அந்தக் கம்பி அவன் கையையும் சேத்து இழுத்துட்டுப் போயி கீழ இரும்புல அடிச்சுது. நான் சாவியப் புடிச்சிருந்தது ஒரு நொடி இருக்குமா? அந்த ஒரு நொடிதான். அவன் கத்தல. வினு வந்து பாத்துத்தான் கத்துனா. அவ கையில பணியாரக் குச்சி இருந்துச்சு, அதக் கீழ போடக்கூடத் தெரியாம நின்னா.

நாச்சிமுத்து கார்லதான் ஆசுபத்திரிக்குப் போனோம். வலது கைங்க. ஆட்காட்டி வெரலையும் நடு வெரலையும் எடுத்துட்டாங்க. மோதர வெரல் இருக்குது, மடங்காது. கட்ட வெரலும் சுண்டு வெரலும் வெச்சுட்டு ஒரு மெக்கானிக்கு என்னங்க பண்ணுவான்? அவங்கம்மா வந்தாங்க. என்னப் பாத்ததும் ரெண்டு கையவும் எடுத்துக் கும்பிட்டாங்க. "நீங்க என்னங்க பண்ணுவீங்க, எங்க நேரம். நீங்க போயிச் சாப்டுங்க"ன்னாங்க. நான் பதிலுக்குக் கும்பிட்டனான்னு எனக்கு ஞாபகமே இல்ல.

மயக்கம் தெளிஞ்சதும் வினு அவங்கிட்டக் கேட்டா. நான் கட்டலுக் காலுகிட்ட நின்னுட்டிருக்கேன். "தினா, சாவி போடாதீங்கன்னு அப்பாகிட்டச் சொல்லலையா நீ?"ன்னா. தினகரன் அவன் பேரு. அவன் என்னப் பாத்தான். ரொம்ப நேரமெல்லாம் பாக்கல. "இல்ல வினு. சொல்லோணும்னு நெனச்சேன், சொல்லல. என் தப்புத்தான்"னுட்டுக் கண்ண மூடிக்கிட்டான்.

எம்புள்ள வந்து என் கையப் புடிச்சுட்டு அழுதாளுங்க. "நீங்க வெசனப்படாதீங்கப்பா, ராகு காலம் வருதுன்னு அவசரப்பட்டுட்டீங்க, உங்களுக்கு எப்பிடித் தெரியும்"னா. மூணு வருசத்துல அவ என்னத் தொட்டது அன்னிக்குத்தான்.

இப்ப தெனமும் போன் பண்றா. இவளுக்கு இல்ல, எனக்கே பண்றா. "மாத்தர போட்டீங்களா, நடக்கப் போனீங்களா"ங்கறா. மொட்டமாடிக்கு யாரும் போறதில்ல இப்ப. ஒர்க்‌ஷாப்ப மூடிட்டாங்க. அவன் அவிங்க சித்தப்பா ஸ்பேர் பார்ட்ஸ் கடைல உக்காந்துக்கறான். யாரு என்ன சாமான் கேக்கறாங்களோ அது எந்த அலமாரில இருக்குதுன்னு பக்கத்துல இருக்கறவிங்ககிட்டச் சொல்றானாம். இந்த வண்டிய முடிச்சுத் தர எத்தனையோ மெக்கானிக்கு இருக்காங்க. நான் ஒருத்தரையும் தொட உடல. அவன் மாட்டுன பெல்ட்டுங்க அது. பொட்டுக்கு நேராப் பொட்டு இன்னும் அப்பிடியே இருக்குது.

நீங்களும் அதேதான் சொல்றீங்க. "தெரியாம நடந்ததுங்க, உடுங்க." எல்லாரும் இதேதான் சொல்றாங்க. ஆனைக்கும் அடி சறுக்கும்கறாங்க. தெய்வானை, இன்னும் ரெண்டு டம்ளரு மோரு கொண்டா. கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக் கொண்டா.

உள்ள போயிட்டாளா? சித்த கிட்ட வாங்க தம்பி. நீங்க யாரோ எவரோ. வண்டி புடிச்சா எடுத்துட்டுப் போயிருவீங்க, புடிக்கலைன்னாலும் போயிருவீங்க. அதனால சொல்றேன்.

காதுல உளுந்துச்சுங்க. நல்லாவே உளுந்துச்சு.

"மாமா, ஒரு நிமிசம், இப்பப் போடாதீங்க"ன்னான். கை உள்ள இருக்குதுன்னு சொல்லல. அதச் சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன், அந்தளவுக்குக் கொலகாரன் இல்ல நான். இப்பப் போடாதீங்கன்னு மட்டுந்தான் சொன்னான். காலைல இருந்து அவன் எங்கிட்ட நேராப் பேசுன மொதப் பேச்சு அது. வினு உள்ள இருக்கா, சொல்லி உட ஆளில்ல, அவசரம். வேற வழியில்லாம அவனே கூப்ட்டுட்டான்.

அந்த "மாமா"தானுங்க. எதுக்க நாச்சிமுத்து நிக்கறாரு. தெருவுக்கே கேக்கற மாதிரி மாமாங்கறான். யாருக்கு யாருடா மாமா, மெக்கானிக்கா வந்தவன் மெக்கானிக்கா இருடான்னு உள்ளுக்குள்ள ஒண்ணு எந்திரிச்சு நின்னுச்சு. என் கை சாவி மேல இருக்குது. எடுத்திருக்கலாம். எடுத்தா, அவன் மாமான்னு கூப்ட்டதுக்கு நான் என்னன்னு பதில் குடுத்த மாதிரி ஆயிருமேன்னு தோணுச்சு. அவன் பேச்ச நான் காதுல வாங்கலைன்னு காட்டறதுக்காகவே திருப்பினனுங்க. அதுக்காக மட்டுந்தான் திருப்புனேன். ராகு காலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

நாச்சிமுத்துவுக்கும் கேட்டிருக்கும். இன்னிக்கு வரைக்கும் அவரு வாயத் தொறக்கல. என்னப் பாத்தாத் தலையக் குனிஞ்சுட்டு உள்ள போயிக்கறாரு. வினுகிட்டச் சொல்லிரலாம்னு எத்தனையோ நாளு போன எடுத்திருக்கேன். சொன்னா எம்புள்ள போயிருவா. இந்தத் தடவ போனா வர மாட்டா. அவன் சொன்ன பொய்யிலதானுங்க எம்புள்ள எங்கூடப் பேசிட்டிருக்கா. அவ தெனமும் "அப்பா"ங்கறப்ப எனக்கு நெஞ்சு வெடிக்குது. அந்த "அப்பா"வ அவ குடுக்கல. அவன் குடுத்தது.

போன வெள்ளிக்கிழமை பஸ் ஏறி அவிங்க ஊட்டுக்குப் போனேன். மொதத் தடவ. ரெண்டு ரூம்பு, சின்ன ஊடுதான், சுத்தமா வெச்சிருக்கறாங்க. வினு அவனுக்குச் சட்டப் பட்டன் போட்டு உட்டுட்டிருந்தா. என்னப் பாத்ததும் அவ மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம். "உக்காருங்கப்பா, பேசிட்டிருங்க, காப்பி வெக்கறேன்"னு உள்ள போயிட்டா. அன்னிக்கு மாதிரியே நாங்க ரெண்டு பேரு மட்டும். பஸ்ல வர்றப்பவே நான் மனசுல சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வந்த வார்த்த ஒண்ணு இருந்துச்சுங்க. வெக்கத்த உட்டுட்டு, அவன் மூஞ்சிய நேராப் பாத்து, வாய் நெறயச் சொன்னேன்.

"கை எப்பிடி இருக்குதுங்க மாப்ள?"

அவன் எந்திரிச்சு நின்னான். மரியாதைக்குத்தான் நின்னான், கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல, மொகம் அப்பிடியே இருந்துச்சு. "பரவால்லீங்க சார்"னான்.

சார்ங்க.

நான் சேர்ல உக்காந்திருக்கேன், அவன் நின்னுட்டே இருக்கான். வினு காப்பியோட வந்தா. எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "என்னப்பா, நான் இல்லாமயே பேசிட்டீங்களா ரெண்டு பேரும்?"னு சிரிச்சா. "பேசிட்டோம் அம்மிணி"ன்னேன். அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, சந்தோசத்துல.

ஒரே ஒருக்காத்தானுங்க அவன் என்ன மாமான்னு கூப்ட்டிருக்கான். இன்னொருக்காக் கூப்புடுப்பான்னு, எந்த வாய வெச்சுட்டுங்க நான் அவங்கிட்டக் கேக்கறது?